பாட்டு தாழும்போது

பாட்டு பாதியில் தாழ்ந்தது. அவள் புல்குப்பையை ஊதித் தள்ளுகிற ஊது மெஷினின் விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டு அப்படியே நின்றாள். காதுமூடிக்குள் அதுவரை துள்ளிக்கொண்டிருந்த எஃப்.எம். பாட்டு, யாரோ கதவைச் சாத்திவிட்டமாதிரி தூரத்துக்குப் போய்விட்டது. அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் தினமும் நெஞ்சு ஒரு தரம் அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது.

“வாயாடி, எந்திரிச்சிட்டியா?” என்றது அவள் கணவரின் குரல்.

கால்பந்துத் திடலின் அந்தக் கோடியில், புல்வெட்டும் வண்டியில் உட்கார்ந்து முதுகைக் காட்டியபடி அவர் போய்க்கொண்டிருந்தார். இங்கிருந்து பார்த்தால் வேலையில் மூழ்கிப்போன ஒரு மனிதர், அவ்வளவுதான். வாய் அசைவது தெரியாது. “இன்னிக்கு ஃபுட்பால் கிரவுண்டு. போன தடவ ஒரு கிழிஞ்ச பந்து கெடச்சுதுன்னு சொன்னேன்ல, அதே எடம். புல்லு ஈரமா இருக்கு, வண்டி திணறுது. பிளேடுல அப்பிக்கும். உனக்குத்தான் தெரியுமே.” கொஞ்சம் நிறுத்தினார். எதிராளி பதில் சொல்ல இடம்விடுகிற நிறுத்தம். பாட்டு ஏறலாமா என்று யோசித்து லேசாகத் தலைதூக்கியது, அதற்குள் அவர் சிரித்தார். “ஆமா, நீ கண்ண முழிக்கறதுக்குள்ள நான் பாதி கிரவுண்ட முடிச்சிடுவேன்.”

வாயாடி அவர்களுடைய ஒரே மகள். ஒரு காய்ச்சல் வந்தது. மூவராக ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இருவராகத் திரும்பி வந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு மழைக்காலமும் வந்து போய்விட்டது.

இந்தக் காதுமூடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பெட்டியின் மேல் அச்சடித்திருந்த பெயர் நீளமானது, அதை யாரும் படித்ததில்லை. இரண்டு கிண்ணங்களைக் கவிழ்த்தமாதிரி காதுகளை முழுக்க மூடிக்கொள்ளும். மெஷின்களின் இரைச்சல் உள்ளே வராது. உள்ளேயே ரேடியோ உண்டு, நாள் முழுக்கப் பாட்டுக் கேட்டுக்கொண்டே வேலை பார்க்கலாம். அதோடு, புல் வெட்டும் குழுவில் இருக்கிறவர்கள் எவ்வளவு தள்ளி நின்றாலும் அதன் வழியாகவே பேசிக்கொள்ளலாம். யாராவது பேசினால் மற்றவர்கள் காதில் பாட்டு தானாகத் தாழும், பேசி முடித்ததும் ஏறிக்கொள்ளும். ஒரே ஒரு சங்கடம், ஒருவர் பேசும்போது இன்னொருவர் குரல் ஏறாது. அவர் வாயை மூடினால்தான் அடுத்தவருக்கு வழி. பழைய காதுமூடிகளில் பேசுவதற்கு ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அவளுடையதும் மற்ற இருவருடையதும் அந்தப் பழைய ரகம். கணவருடையது மட்டும் புதுசு. அதிலும் பொத்தான் ஒன்று இருக்கிறது, ஆனால் பேசுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உதட்டுக்கு நேராக நீட்டிக்கொண்டிருக்கும் குட்டி மைக், குரல் பட்டால் தானே திறந்துகொள்ளும்.

இது அவருக்குத் தெரியாது. மகள் போனபிறகு அவர் வேலைக்குத் திரும்பிய அன்றுதான் சூப்பர்வைசர் அதைப் பிரிக்காத பெட்டியோடு அவர் கையில் கொடுத்தார். வேறு நாளாக இருந்தால் அந்த மனிதர் பக்கத்தில் நின்று, போதும் போதும் என்கிற அளவுக்கு விளக்கியிருப்பார். புது சாமான் வந்தால் அவருக்குக் கல்யாணக் களை வந்துவிடும். அன்று அவள் கணவரின் முகத்தைப் பார்த்து யாருக்கும் எதையும் விளக்க மனசு வரவில்லை. “மாட்டிக்கப்பா, பழசு மாதிரிதான்” என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றைக்கே அது நடந்தது. சாலையோரத்தில் வேலை. பாட்டு தாழ்ந்தது, பிறகு அவர் குரல் மகளைக் கூப்பிட்டது. வேலியோரப் புல்லைக் கைமெஷினால் சீவிக்கொண்டிருந்தவன், எல்லோரும் நெட்டை என்று கூப்பிடுகிற ஆள், மெஷினை அணைத்துவிட்டு விறைத்து நின்றான். சூப்பர்வைசர் கையில் இருந்த டீயைக் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. அவள் கணவர் பாட்டுக்கு மகளிடம் பேசிக்கொண்டே போனார். காதை மூடிக்கொண்டவர்கள் கத்தித்தான் பேசுவார்கள். அவர் அடித்தொண்டையில் கத்திக் கத்திக் கொஞ்சிக்கொண்டிருந்தார். பொத்தானை அழுத்தவில்லை, வண்டி சத்தத்தில் தன் குரல் தனக்கே கேட்காது, அப்புறம் யாருக்குக் கேட்கப் போகிறது என்று அவருக்கு நினைப்பு. சூப்பர்வைசர் அவளைப் பார்த்தார். போய்ச் சொல்லட்டுமா என்று கையால் கேட்டார். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலை அவள் யோசித்துச் செய்யவில்லை. கணவர் குரலைக் கேட்டு அத்தனை நாளாகியிருந்தது.

மதியம் சாப்பிடும்போது யாரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. கிளம்பும்போது சூப்பர்வைசர் மட்டும் அவள் பக்கம் வந்து, “நாலு நாள் பேசட்டும் தங்கச்சி. தானா அடங்கிடும்” என்றார். அடங்கவில்லை. அன்றிலிருந்து, அவர் பேசும்போது மற்ற மூவரும் கையசைத்துக் காரியத்தைப் பார்த்துக்கொள்வது பழக்கமாகிவிட்டது. நெட்டை வாய்க்கு வாய் கிண்டல் பேசுகிறவன், யாரையும் விட்டுவைக்க மாட்டான். இந்த விஷயத்தில் மட்டும் அவனிடமிருந்து ஒரு சொல் வந்ததில்லை. காதும் காதும் வைத்தமாதிரி மூன்று பேரும் ஒரு மனிதரின் ரகசியத்தைச் சுமந்துகொண்டு திரிந்தார்கள். யாருடைய ரகசியமோ அவருக்கு மட்டும் தெரியாது.

வீட்டில் அவர் பேசுவதில்லை. சண்டை கிண்டை எதுவும் இல்லை. கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கிற வீட்டில் பாத்திரமாவது சத்தம் போடும். இங்கே தட்டைக்கூட அவர் பூப்போல எடுத்து வைத்தார். “போதும்” என்பார், “வரேன்” என்பார், “கதவு சாத்தியாச்சா” என்பார். அவளும் பேச்சுக்காரி இல்லை. கல்யாணமான புதிதிலேயே இரண்டு ஊமைகள் குடித்தனம் நடத்துகிறார்கள் என்று அவர் தங்கை கேலி செய்வாள். அந்த வீட்டுக்குத் தேவையான பேச்சையெல்லாம் பேசியது மகள்தான். குளிக்கும்போது பேசுவாள், பல் தேய்க்கும்போது நுரையோடு பேசுவாள், தூக்கத்தில்கூட யாரையாவது அதட்டுவாள். அப்பா இரவல் வாயில்தான் அம்மாவிடம் பேசுவார். “உங்கம்மாகிட்ட சொல்லு, நாளைக்குச் சீக்கிரம் கெளம்பணும்னு.” அம்மா பக்கத்திலேயேதான் இருப்பாள். “அப்பாகிட்ட சொல்லு, எனக்குக் காது இருக்குன்னு” என்பாள் அவள். இரண்டையும் மகள் இரண்டு தரம் கூட்டிச் சொல்லுவாள், தன் பங்குக்கு நாலு வார்த்தை சேர்த்துக்கொண்டு. தூது போன பிள்ளை போய்விட்டது. இருபுறமும் சொல்ல வேண்டியது அப்படியே நின்றுபோனது.

ஒரு தடவை அவர் பழைய காதுமூடியைத் துடைப்பதற்காக வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தார். அதை மகள் மாட்டிக்கொண்டு விட்டாள். தலைக்கு நிற்காமல் தாடைவரை சரிந்துவிட்டது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினாள். காது அடைத்திருந்ததால் தெருவே கேட்கும்படி கத்தினாள். “ஏண்டி கத்தற” என்று இவள் அதட்டியதற்கு, “நான் மெதுவாத்தாம்மா பேசறேன், உங்க காதுதான் சத்தமா இருக்கு” என்று இன்னும் பெரிதாகக் கத்தினாள். அன்று அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணில் நீர் வருகிறவரை சிரித்தார். இப்போது திடலின் மறுகோடியிலிருந்து அவர் குரல் கத்திக் கத்தி வரும்போதெல்லாம் அவளுக்கு அந்த ஞாபகம் வந்து தொலைக்கும். மகள் விட்ட இடத்திலிருந்து அப்பா கத்திக்கொண்டிருக்கிறார்.

அவர் மகளிடம் என்னென்ன பேசினார் என்று கேட்டால், பொய்தான் நிறையப் பேசினார். “நேத்து நானும் அம்மாவும் ரொம்ப நேரம் பேசிக்கிட்டிருந்தோம்” என்பார். இவளுக்குத் தூக்கிவாரிப் போடும். நேற்று அவர் பேசியது ‘போதும்’ மட்டும். “அம்மா நல்லா சாப்பிடறா. நீ ஒண்ணும் கவலப்படாத. உன் செடிக்கு தெனமும் தண்ணி ஊத்தறா, மொட்டு விட்டிருக்கு.” சமையலறை ஜன்னலில் மகள் வைத்த தொட்டிச்செடி என்றைக்கோ காய்ந்து குச்சியாகிவிட்டிருந்தது. தினமும் அவர்கள் இருவரும் அதன் எதிரில்தான் நின்று டீ குடித்தார்கள். இருவருமே அதைப் பார்க்காமல் இருக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

தூரத்தில் இருக்கிற பிள்ளை மனசு நோகக்கூடாது என்று வீட்டில் எல்லாம் சுகம் என்பார்களே, அப்படி ஒரு பொய் அது. அவள் ஊது மெஷினை முதுகில் சுமந்தபடி நின்று, தான் வாழாத ஒரு வாழ்க்கையைக் கணவர் வாயால் கேட்டாள். அந்த வீட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள், சிரித்தார்கள், ஒருவர் தட்டில் ஒருவர் எடுத்துப் போட்டார்கள். அந்த வீட்டுக்காரியின் மேல் அவளுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

மொட்டு விட்டிருக்கு என்று அவர் சொன்ன அன்று, வேலை முடிந்து வரும் வழியில் அவள் நாற்று விற்கிறவரிடம் அதே செடி ஒன்று வாங்கினாள், மொட்டோடு. காய்ந்த குச்சியைப் பிடுங்கிவிட்டு அதே தொட்டியில் நட்டாள். ஏன் செய்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. அவர் பொய்யராகக் கூடாது என்று பட்டிருக்கலாம், மகள் எதிரில். மறுநாள் காலையில் அவர் ஜன்னலருகே டீயோடு நின்றவர், தொட்டியைப் பார்த்தார். டீ ஆறுகிறவரை பார்த்தார்.

அன்று வண்டியில் ஏறியதும் பாட்டு தாழ்ந்தது. முதலில் தொண்டையைச் செருமும் சத்தம் மட்டும். பிறகு, “உன் செடி நெசமாவே மொட்டு விட்டிருக்குடி” என்றார். கொஞ்சம் கழித்து, தயங்கித் தயங்கி, “அம்மாகிட்ட ஒண்ணு சொல்லேன். என் பச்சை சட்டையில பித்தான் விட்டுப்போச்சு. அம்மாவுக்குத் தெரியாது” என்றார்.

அவள் சாயங்காலம் பித்தானைத் தைத்துவிட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு. செடியோடு நிறுத்தியிருந்தால் தற்செயல் என்று போயிருக்கும். மறுநாள் காலையில் பச்சை சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் வேலைக்கு வந்தார். வழியெல்லாம் அந்தப் பித்தானை விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். வண்டியில் ஏறினார். காதுக்குள் அவர் குரல் நடுங்கியது.

“சொல்லிட்டியாடி?”

அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பிரிக்க முடியவில்லை. “கேக்குதாடி உனக்கு? நான் பேசறதெல்லாம் கேக்குதா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அந்தக் கோடியில் வண்டி நேராகப் போகாமல் வளைந்து வளைந்து போயிற்று. நெட்டை அவளைப் பார்த்தான், பித்தானை யார் தைத்தது என்று அவனுக்குத் தெரியாமலா இருக்கும். தன் மெஷின் பக்கம் குனிந்துகொண்டான்.

அப்போதே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மனசு கேட்கவில்லை. அவர் அன்று மாலை வீட்டுக்கு வந்து இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டார். அந்தச் சோற்றைத் தட்டிவிட அவளுக்குக் கை வரவில்லை. பிறகு தினம் ஒரு தூது வந்தது. “அம்மாகிட்ட சொல்லு, முழங்கால் வலிக்குதுன்னு.” தைலம் கட்டில் பக்கத்தில் இருந்தது. “அம்மாகிட்ட சொல்லு, அந்த மஞ்சப் புடவை அவளுக்கு நல்லாருக்கும், மடிச்சே வச்சிருக்கான்னு.” மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு கடைக்குப் போய்வந்தாள். ஒவ்வொன்றும் நடக்க நடக்க அவருக்கு முகத்தில் ரத்தம் ஊறியது. வீட்டில் பேச்சு மட்டும் இன்னும் வரவில்லை. எதற்கு வரும்? பழையபடி தூதுக்கு ஆள் கிடைத்துவிட்டதே. அவளுக்குத்தான் இரண்டு பக்கமும் இடி. மகளிடம் அவர் பேசுவதை மகளின் இடத்தில் நின்று கேட்டாள். அவள் செய்வதையெல்லாம் மகள் செய்ததாக அவர் எடுத்துக்கொண்டார். அந்த வீட்டில் அவள் ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. இருந்தும் காலையில் எல்லோருக்கும் முன்னால் காதுமூடியை மாட்டிக்கொண்டு நிற்கிறவள் அவள்தான். எப்போது பாட்டு தாழும் என்று.

ஒரு நாள் அவர் சொன்னார், “அம்மாகிட்ட சொல்லு, அவ முகத்தத் திருப்பிக்கிட்டு அழறப்ப நான் தூங்கறதில்லன்னு.” அன்று படுத்ததும் அவள் சுவர் பக்கம் திரும்பாமல் படுத்தாள். அவர் கையைத் தூக்கி அவள் தோள்மேல் வைத்தார். இருட்டில் அந்தக் கை கனத்தது.

பிறகு நீர்த்தேக்கக் கரையில் வேலை வந்தது. சரிவு செங்குத்து, புல் இடுப்புயரம். சரிவின் மேல்பாதியில் வண்டி, கீழே நெட்டையின் கைமெஷின். அவள் கரைமேல் நடைபாதையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். பாட்டு தாழ்ந்தது. அன்று அவர் குரலில் வழக்கமான கொஞ்சல் இல்லை.

“வாயாடி, இன்னிக்கு ஒண்ணு கேக்கப் போறேன். இதச் சொல்ல வேணாம், கேட்டு வந்து சொல்லு.” நிறுத்தினார். “அன்னிக்கு உனக்கு உடம்பு கொதிச்சுதுல்ல. அம்மா உன் நெத்தியில கைய வச்சுப் பாத்துட்டு என்னப் பாத்தா. காலையில பாத்துக்கலாம்னு நான்தான் சொன்னேன். நான்தான்டி சொன்னேன். அம்மாவுக்கு எம்மேல கோவமான்னு கேளு. கோவமிருந்தா இருக்குன்னே சொல்லு, பரவால்ல. எனக்குத் தெரியணும்.”

அவள் அப்படியே நடைபாதையில் நின்றுவிட்டாள். அதனால்தான் கண் கீழே போனது. கீழே நெட்டையின் மெஷினில் கம்பி ஏதோ சுற்றிக்கொண்டிருந்தது. அவன் அதை அவிழ்க்கப் புல்லுக்குள் குந்தி உட்கார்ந்திருந்தான், தலைகூட வெளியே தெரியவில்லை. மேலே வண்டி திரும்புவதற்காகப் பின்னால் நகரத் தொடங்கியது. நேராக அவன்மேல். கரையின் மறுபுறத்தில் சூப்பர்வைசர் பொத்தானை அழுத்தி அழுத்தி வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தார். ஒரு சத்தம்கூட யார் காதிலும் ஏறவில்லை. ஏறுவதற்கு வழி இல்லை. “கேக்கறியா, கோவமான்னு மட்டும் கேளு” என்று கணவரின் குரலே வழியை அடைத்துக்கொண்டு நின்றது.

அவள் ஊது மெஷினோடு சரிவில் இறங்கி ஓடினாள். ஓடினாள் என்பதைவிட உருண்டாள் என்று சொல்லலாம். வழியில் கிடந்த, புல்லை வாரும் வாருகோலை எடுத்து வண்டியின் மூக்கில் வீசினாள். அது டங்கென்று அடித்த அதிர்ச்சியில் அவர் பிரேக்கை மிதித்தார். பின்சக்கரம் நெட்டையின் மெஷின்மேல் ஏறி நசுக்கிவிட்டு நின்றது. அவன் காலை இழுத்துக்கொண்டு புரண்டிருந்தான். ஷூவின் குதிகால் மட்டும் பிய்ந்து சக்கரத்தடியில் கிடந்தது.

அவர் இறங்கி வந்து, அந்தக் குதிகாலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெட்டைதான் எழுந்து புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டு, “என் தப்புதான் மாமா, பாட்டுல இருந்துட்டேன். வண்டி வந்தது கேக்கல” என்றான். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. பொய் சொல்வதில் அந்தக் குழுவே தேறிவிட்டது.

மதியம் வேனின் பின்னால் வைத்துச் சூப்பர்வைசர் அவளிடம் பேசினார். “இனிமே முடியாது தங்கச்சி. நெட்டையோட பொண்டாட்டி புள்ளைக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?”

“நீங்க சொல்றது சரிதான் அண்ணே.”

“உன் வீட்டுக்காரருக்கு எதுவும் தெரிய வேணாம். பொத்தான் வச்ச பழசு ஒண்ணு ரிப்பேர் ஆகி வந்திருக்கு. புதுசு மக்கர் பண்ணுதுன்னு சொல்லி நாளைக்கு மாத்திக் குடுத்துடறேன். அவர் பாட்டுக்கு அவர் பேசிக்கட்டும். நம்ம காதுக்கு வராது. யாருக்கும் சங்கடம் இல்ல.”

நல்ல மனிதர், யோசித்துத்தான் சொன்னார். அவளும் தலையாட்டினாள். தட்டை எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. அவர் நாளைக்கும் பேசுவார். மகளைக் கூப்பிடுவார், அம்மாகிட்ட கேட்டியா என்பார், இடம்விட்டுக் காத்திருப்பார். அந்தக் கேள்விக்குப் பித்தான் தைத்துப் பதில் சொல்ல முடியாது. முழங்கால் வலிக்கிறது என்பார், தைலம் வராது. ஒன்றும் வராது. பிள்ளைக்குத் திடீரென்று காது கேட்காமல் போய்விட்டது என்று நினைப்பார். இல்லை, அம்மாவுக்குக் கோபம் இருக்கிறது, அதை என்னிடம் சொல்ல முடியாமல் பிள்ளை வாயை மூடிக்கொண்டது என்று நினைப்பார். அதைத்தான் நினைப்பார். அந்த மனிதரை அவளுக்குத் தெரியும்.

அப்படியே உண்மையைச் சொன்னாலோ? மைக் திறந்திருந்தது, செடியை நான்தான் வாங்கினேன், மகள் எதையும் கேட்கவில்லை. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. மகள் ஒரு தரம் செத்ததையே அவர் இன்னும் வாயால் சொல்லவில்லை. இரண்டாம் தரம் சாகடிக்கிற வேலை அவளுக்கு வந்து வாய்த்திருக்கிறது.

கோபம் இருந்ததா என்று அவள் தன்னையே கேட்டுப் பார்த்தாள். இருந்தது. இல்லையென்றால் பொய். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் சட்டைக் காலரைப் பிடித்து உலுக்க வேண்டும் என்று இருந்தது. அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவர் ‘காலையில பாத்துக்கலாம்’ என்று சொன்னபோது அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. அன்றைக்கெல்லாம் வெயிலில் மெஷின் சுமந்து இடுப்பு ஒடிந்துபோயிருந்தது. படுத்ததும் தூங்கிவிட்டாள். பெற்றவள் தூங்கிவிட்டாள். அவர் தலையில் மட்டும் பழி கிடந்ததால் தன் தலைக்கு வராமல் தப்பித்துக்கொண்டிருந்தாள்.

அவள் எழுந்து சூப்பர்வைசரிடம் போனாள். “அண்ணே, நாளைக்குக் காலையில ஒரே ஒரு தரம் அவர் அதையே போட்டுக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் மெஷினத் தொடாதீங்க, கிரவுண்டுல யாரும் எறங்க வேணாம். அப்புறம் மாத்திக் குடுங்க.”

அவர் ஏன் என்று கேட்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

மறுநாள் பழையபடி கால்பந்துத் திடல். வெயில் இன்னும் ஏறவில்லை, புல்லில் ஈரம். அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு இறங்கினார். நெட்டை புது ஷூவுடன் வேனின் படியில் உட்கார்ந்திருந்தான். சூப்பர்வைசர் காதுமூடியைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அதைப் பார்த்து நெட்டையும் கழற்றிக்கொண்டான். இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்து உட்கார்ந்தார்கள். அவள் ஊது மெஷினை மாட்டிக்கொள்ளவே இல்லை. கோல் கம்பத்தின் அருகில் வெறும் கையோடு நின்றாள். காதில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, என்ன பாட்டு என்று மனசில் பதியவில்லை.

வண்டி ஒரு கோடு வெட்டிப் போய்த் திரும்பியது. இரண்டாவது கோட்டின் பாதியில் பாட்டு தாழ்ந்தது.

“வாயாடி.” குரல் அடைத்திருந்தது. அவரும் தூங்கியிருக்க மாட்டார். “நேத்து ஒருத்தன் கால எடுத்திருப்பேன்டி. நல்லவேள, அம்மா வந்துட்டா.” இழுத்து மூச்சு விட்டார். “சரி. கேட்டியா? அம்மாகிட்ட கேட்டியா?”

பிறகு இடம்விட்டார். எப்போதும் விடுகிற இடம்தான். இத்தனை நாளும் அந்த இடத்தில் பாட்டு கொஞ்சம் தலையெடுக்கும், அவர் தானே ஏதாவது சொல்லி நிரப்பிக்கொள்வார். இன்று அவர் நிரப்பவில்லை. காத்திருந்தார். பாட்டு முழுக்க ஏறிவிட்டது. அவள் காதுமூடியின் பொத்தானில் கட்டைவிரலை வைத்தாள். விரல் வழுக்கியது, இன்னொரு தரம் வைத்து அழுத்தினாள்.

“அம்மா கேட்டா” என்றாள்.

திடலின் நடுவில் வண்டி நின்றது. பிளேடு சுழல்வது அடங்கியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகு மட்டும் தெரிந்தது, கழுத்தில் சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. அவள் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. எடுத்தால் அடுத்த வார்த்தை வராது என்று தெரியும்.

“எல்லாம் கேட்டா. சட்டைப் பித்தான்லேருந்து எல்லாம். உங்க மைக் தொறந்தே இருக்குதுங்க, முதல் நாள்லேருந்து. நான்தான் கேட்டுக்கிட்டிருந்தேன்.” விரலை இன்னும் அழுத்தினாள். “கோவம் இருந்துச்சுங்க. இப்ப இல்ல. காலையில பாத்துக்கலாம்னு நீங்க வாயால சொன்னீங்க. நான் மனசுல சொன்னேன். நானும் தூங்கிட்டேங்க அன்னிக்கு.”

விரலை எடுத்தாள். பாட்டு ஏறியது. யாரோ யாரையோ கொண்டாடிப் பாடிக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் அவர் இரண்டு கைகளையும் தூக்கிக் காதுமூடியைப் பிடித்தார். கழற்றி வீசப்போகிறார் என்று நினைத்து அவள் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது கைகள் அங்கேயே இருந்தன. தலையை விட்டுச் சரிந்துவிடாமல், இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் வெட்டாத புல் அசைந்தது. பின்னால் வெட்டிய கோடு பாதித் திடலில் வந்து நின்றிருந்தது.

அவள் நடக்கத் தொடங்கினாள். ஈரப்புல் கணுக்காலில் ஒட்டியது. நாலைந்து அடி வைத்திருப்பாள், காதில் பாட்டு தாழ்ந்தது. அவள் நின்றாள். வார்த்தை எதுவும் வரவில்லை, அவர் விம்முகிற மூச்சு மட்டும் வந்தது. பாட்டு ஏறவும் இல்லை.